ஆற விடுதல்

என் தாளில் ஒரே ஒரு குறி.
அதற்கு முன்னால் தடித்த கோடு,
கோட்டின் தலையில் 211.
இருநூற்றுப் பதினொரு கட்டம் சும்மா இரு,
பிறகு அந்தக் கண்ணாடியை ஒரு தட்டு.
இன்றிரவு என் வேலை அவ்வளவுதான்.

நைலான் நூலில் தொங்குகிறது கண்ணாடி.
பெர்னடீன் காச்மரெக் அதைத்
தன் துருப்பிடித்த காரின் பின்சீட்டில்
போர்வை சுற்றி, பெல்ட் மாட்டி,
மாமீ ஆற்றுப் பாலத்தின் மேல்
இருபது மைல் வேகத்தில் ஓட்டி வந்தாள்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தனவாம்.
எந்தச் சுரம் என்பதையும் சொன்னாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு.

வயோலாக்கள் தொடங்கிவிட்டன.
உச்சியிலிருந்து ஒரு நாதம் இறங்குகிறது,
இறங்குவதே தெரியாமல்.
அவளுடைய அப்பா டொலீடோ கண்ணாடி ஆலையில் இரவு ஷிப்ட்.
தீயிலிருந்து வரும் பலகைகளை
நீளமான அடுப்புக்குள் ஊர விட்டு
மெல்ல ஆற வைக்கும் வேலை.
அவசரமாக ஆறிய கண்ணாடி
பார்க்க நன்றாகத்தான் இருக்கும்,
பிறகு ஒரு நாள், யாரும் தொடாமலே, வெடிக்கும்.
இதை அவள் நிகழ்ச்சித் தாளில் எழுதவில்லை.
காசை விழுங்கிய காபி இயந்திரத்தை
முழங்காலால் இடித்துக்கொண்டே சொன்னாள்.

முப்பத்தெட்டு, இரண்டு, மூன்று, நான்கு.

பதினாலு வயதில் சாவுப் பூசைகளுக்கு ஆர்கன் வாசித்தாள்,
பிணத்துக்கு எட்டு டாலர்.
பிறகு சமுதாயக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம்,
இசை தெரியாதவர்களுக்கு, காலை எட்டு மணி வகுப்பு.
அவளுடைய முதல் நால்வர் இசை
ஒரு நூலகத்தில் அரங்கேறியது. கேட்டவர்கள் பத்தொன்பது பேர்.
அதில் ஏழு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
அந்த ஏழு பேர்தான் கடைசிவரை இருந்தார்கள்.
சோப்ரானோ குரலுக்கும் கடைக் கணக்கு இயந்திரத்துக்கும் ஒன்று.
கட்டாத எரிவாயு பில்லைப் பற்றி ஓர் ஆபரா,
இரண்டாம் அங்கத்தோடு நின்றுவிட்டது,
பில்லை யாரோ கட்டிவிட்டதால்.

அறுபத்தொரு வயதில் ஒரு பரிசு.
பத்திரிகையில் பெயர் தப்பாக வந்தது.
அந்தத் தப்பான பெயரைப் படித்துத்தான்
எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா அவளைக் கேட்டது:
புது இசை ஒன்று, பதினொரு நிமிடம்,
பியானோக்காரர் மேடைக்கு வருவதற்குள் முடிய வேண்டும்.
அவள் எழுதியிருந்தது நாற்பது நிமிடம்.

அறுபத்து...
எழுபத்து...

போச்சு.

கண்ணாடிக்குள் இரண்டாம் வரிசை வயலின் வில்கள்
தலைகீழாக அசைகின்றன.
அதைப் பார்த்தபடி இருந்துவிட்டேன்.
பக்கத்து டிம்பனிக்காரர் கண்மூடி இருக்கிறார்,
அவருக்கு இதில் குறியே இல்லை.
ஒத்திகை இரண்டிலும்
சங்கக் கடிகாரம் கடைசிப் பக்கத்துக்கு முன்பே நின்றது.
முடிவு எப்படி இருக்கும் என்று
மேடையில் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறு என்று வைத்துக்கொள்கிறேன்.
தொண்ணூறு, இரண்டு, மூன்று, நான்கு.
பொய்யான எண்ணில் ஏறி
நேர்மையாக எண்ணிக்கொண்டு போகிறேன்.
செல்லோக்கள் இப்போது
உள்ளங்கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வந்துவிட்டன.
யாரோ இருமலை விழுங்குகிறார்கள்.

இருநூற்றுப் பதினொன்று.
தட்டினேன்.

பால்கனி வரை போய்த் திரும்பி வந்தது அது,
நான் கேட்டிராத ஓர் ஒலி.
நடத்துநரின் புருவம் அசையவில்லை.

கைதட்டலுக்குப் பிறகு அவள் மேடைக்குப் பின்னால் வந்தாள்,
கோட்டின் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.
என் தாளை எடுத்துப் பார்த்து
கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
"211-ஆ? 209.
விடியற்காலை மூன்று மணிக்கு நானே நகல் எடுத்தேன்,
ஆள் வைக்கப் பணமில்லை.
ஆனால் நீ சரியாக வந்தாயே. எப்படி?"

"நடத்துநரைப் பார்த்தேன்" என்றேன்.

பென்சிலால் எண்ணைத் திருத்தினாள்.
பிறகு இருவரும் சேர்ந்து
கண்ணாடியை அவிழ்த்து, போர்வை சுற்றி,
பனி பெய்த வண்டி நிறுத்தத்தில்
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்,
பின்னோக்கி நடந்தபடி,
"படி இருக்கிறது,
இன்னும் ஒரு படி."