மூன்று செங்குத்து விரிசல்கள்

வாலிநோக்கம் புயல் காப்பகத்தின் தெற்குச் சுவரில்
மூன்று செங்குத்து விரிசல், அபாயம் என்றது மாடல்.
தொண்ணூற்றொரு சதவீத உறுதி.
போய்ப் பார்த்தேன்:
கரியால் வரைந்த ஸ்டம்புகள்.
நடு ஸ்டம்பு சாய்ந்திருந்தது.
யாரோ அவுட்.

முனைவர் பட்டத்துக்காகப்
பதினோராயிரம் படங்களில் கட்டம் போட்டவள் நான்.
வலைநூல் விரிசல் இல்லை,
பல்லிவால் இல்லை, எறும்புச் சாரி இல்லை என்று
ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுத்தேன்.
இன்றிரவு ஸ்டம்பையும் சேர்க்க வேண்டும்.

மறுநாள் கச்சான் காற்று. ட்ரோன் எழவில்லை.
கைபேசியோடு காலனிக்குள் நடந்தேன்.
நாலாவது வீட்டு ருக்கையா கேட்டாள்:
"செவத்தைத்தானே எடுக்கணும்?
பீரோவை நகத்தட்டுமா?"

இருவருமாய் இழுத்தோம்.

பின்னால் பூச்சு
உப்பிக் கிடந்தது.
உப்பித்தான் கிடந்தது, இரண்டு அர்த்தத்திலும்.
விரல் பட்டதும் பொலபொலவென உதிர,
துருவேறிய கம்பி தெரிந்தது.
நுனிவிரலை நக்கினேன். கடல்.

என் பதினோராயிரத்தில்
பீரோவுக்குப் பின்னாலிருந்து
ஒரு படம்கூட இல்லை.

ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன்.
என்ன பெயரில் சேமிப்பதென்று
விரல் நின்றது.

"தள்ளிரலாமா?" என்றாள் ருக்கையா,
ஏற்கெனவே தோள் கொடுத்தபடி.
"பொண்ணு பாக்க வர்றாங்க, மூணு மணிக்கு."