தகுந்த பெரியவர்

பத்தே முக்காலுக்கு அழைப்பு.
ஒன்றரை மணி நேரத்துக்குள் வர முடியுமா?
பாதித் தோசையை மூடிவைத்தேன்.
நகக்கண்ணில் கிரீஸ்.
பகலெல்லாம் லிஃப்டின் தலைமேல் குந்தியிருக்கும் வேலை எனக்கு.
புக்கிட் பாத்தோக்கிலிருந்து டாக்சி.
எதற்கு, யாருக்கு என்று மங்கை கேட்கவில்லை.
சொல்லக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

உங்களுக்கும் அவன் பெயரைச் சொல்லமாட்டேன்.
என்ன செய்தான் என்பதையும்,
செய்தானா என்பதையும்,
வீட்டில் என்ன மொழி பேசுகிறான் என்பதையும்.
வயது பதினைந்து.
பள்ளிக் காற்சட்டை, ரப்பர் செருப்பு,
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே நாற்காலி.

நீங்க லாயரா?
இல்லை.
சமூக சேவை ஆளா?
இல்லை.
அப்பா அனுப்பினாரா?
இல்லை.
அப்ப யாரு?

தாளில் என் பதவி ‘தகுந்த பெரியவர்’.
அதை வாய்விட்டுச் சொல்ல நா கூசியது.
சும்மா, உன் பக்கத்தில் உட்கார, என்றேன்.
நாற்காலியை அரை அங்குலம் தள்ளிப்போட்டுக்கொண்டான்.

பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது.
இதைச் சொல், இதைச் சொல்லாதே, கூடாது.
தலையாட்டக் கூடாது, கண்ணாலும் ஒப்பக் கூடாது.
புரிகிறதா என்று பார்க்கலாம்.
மூச்சைக் கவனிக்கலாம்.

அதிகாரிக்கு ஜலதோஷம். கெட்ட மனிதரில்லை.
தும்மினார், மன்னிப்புக் கேட்டார், கேள்வி கேட்டார்.
புரியுதா?
ம்.
புரியுதா?
ம்.
எத்தனையாவது ‘ம்’ என்று எண்ணவில்லை,
கையைத் தூக்கினேன், கடைசி பெஞ்சுக்காரனைப் போல.
இப்போது கேட்டதை
அவனையே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

குளிர்சாதனம் சொட்டிக்கொண்டிருந்தது.
‘உடந்தை’ என்றால்
கூட இருந்தது என்று நினைத்திருக்கிறான்.
கூடத்தானே இருந்தேன்,
அதான் ஆமாம்னு சொன்னேன்.

கூட இருக்கத்தான் நானும் வந்திருக்கிறேன்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு
அந்த வரியை அடித்தார்.
மறுபடி தொடங்கினார், சின்னச் சின்னச் சொற்களில்.
அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியானது என்று நினைக்காதீர்கள்.
புரிந்த பிறகு அவன் சொன்னவற்றில் சில
புரியாமல் சொன்னதைவிட மோசம்.
அவற்றையும் எழுதிக்கொண்டார்.
அவற்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவரிடம்
முதலில் என் பெயரைச் சொல்வேன்.
கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன்,
இன்னும் பத்து நிமிஷம் என்பேன்.
இடுப்பில் சாவி இருக்கும்.
இங்கே சாவி என் கையில் இல்லை.
பத்து நிமிஷம் என்று யாருக்கும் சொல்ல வழியில்லை.
ஆகவே தண்ணீர் கேட்டேன், அவனுக்காக.
கழிவறைக்குப் போகணுமாம், பாருங்கள் என்றேன்.
அவன் கேட்கவில்லை, முழங்கால் கேட்டது.
முகம் கழுவிக்கொண்டு வந்தான்.
அழுததை அப்படி மறைக்கலாம் என்று
எப்போது கற்றானோ.

இரண்டே காலுக்கு வாசித்துக் காட்டினார்கள்.
திருத்திய இடமெல்லாம் அவன் கையெழுத்து.
இன்னும் கையெழுத்தாகவில்லை அது,
நோட்டு அட்டையில் எழுதுவதுபோல் முழுப் பெயர்,
அடியில் கோடு.
கடைசியில் என்னுடையது, தமிழில்.
தூக்கக் கலக்கத்தில் மாசிலாமணியில்
துணைக்கால் ஒன்று விட்டுப்போயிருந்தது.
அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

நாளைக்கும் நீங்கதானா?
வேறொருவர் வருவார்.
அவங்க எப்படி?
தெரியாதுப்பா.
செருப்பின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.
எனக்கு இதற்கு மேல் தெரிய வராது,
இன்றுவரை வரவில்லை.

வீட்டில் தோசை விறைத்துக் கிடந்தது, தின்றேன்.
எட்டு மணிக்குத் தெபான் கார்டன்ஸில்
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
சந்தைப் பையோடு யாரோ.
கதவைத் தட்டினேன்.
பெயரை முழுதாகச் சொன்னேன்.