ஆள் ஒன்று

எல்லை பிரித்த வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து
டிரங்குப் பெட்டியில் வந்த மைப்படிகள் இவை.
பூச்சி தின்றது போக முந்நூற்றுப் பன்னிரண்டு.
நாகர்கோவிலில் ஒரு மாடி அறை, ஸ்கேனர், நான்.
படி ஒன்றுக்கு ஒன்பது ரூபாய்.
கரண்ட் போனால் அதுவும் இல்லை.

நாற்பத்தொன்றாவதை விரித்தேன்.
ஓரத்தில் ஒரு கை.

கட்டைவிரல் இடப்பக்கம், ஆகவே வலது கை.
சுண்டுவிரலில் மேல்கணு இல்லை.
"கறைதானே பெனிலா, வெட்டி விடு"
என்றார் சார், டீயை ஊதியபடி.

பதிவேட்டைப் புரட்டினேன்.
கொல்லம் 1098, மீனம் பதினேழு.
கோணங்கோட்டு ஏலா, வரம்போரக் கல்,
வட்டெழுத்து, பதினான்கு வரி.
படி எடுத்தது: ஹரிஹரய்யர், இரண்டாம் கிளார்க்கு.
செலவு: நார் பிரஷ், விளக்குக் கரி, வில்வண்டி,
கிளார்க்குக்கு ஊண்,
ஆள் ஒன்று, நாலு சக்கரம்.

மறுநாளும் அதே ஊர், அதே ஐயர்.
கல் மட்டும் கோயிலின் உள்சுவரில்.
அங்கே பிரஷ் அடித்தவருக்குப் பெயர் இருக்கிறது: பப்புப் பிள்ளை.
வயல்வரை வந்த கைக்கு
கோயில் தெருவிலும் நடக்க அனுமதியில்லாத மீனமாசம்.

கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.
நனைத்த தாளை விரித்து
பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை அடிக்க வேண்டும்.
வெயில் ஏறுமுன் மை ஒற்ற வேண்டும்.
மை படாத இடம் எழுத்து.
அரசன் பெயர், ஆட்சியாண்டு, வியாழன் நின்ற ராசி
எல்லாம் மை தொடாமல் வெள்ளையாய் நிற்கின்றன.
கை மட்டுமே மை.

பத்தாம் வரியை எழுத்துக் கூட்டினேன்:
'மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்
ஆள் எட்டும் உள்பட நீரட்டிக் குடுத்தோம்.'
மரம் மேலே பார்த்தது, கிணறு கீழே பார்த்தது.
எட்டுப் பேர் எங்கே பார்த்தார்கள் என்று
கல் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து
குழித்துறைக்கு பஸ் ஏறினேன்.
ஏலா இப்போது ரப்பர்.
கல்லைத் தாசையன் காட்டினார்.
பால் வெட்டுகிறவர், கையெல்லாம் ஒட்டு.
கல்மேல் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"மூணு சங்கக்காரன் வந்தாச்சு. ராஜா அவனுக்க ஆளு, இவனுக்க ஆளுண்ணு.
ஒருத்தன் பெயின்ட் அடிச்சான், அடுத்தவன் சுரண்டினான்,
போலீசும் வந்தாச்சு.
இன்னும் ராஜாவுக்குப் பேரப்பிள்ளைய எத்தன பேரோ."

எட்டுப் பேரைச் சொன்னேன்.
அவர்களைக் கேட்டு யாரும் வரவில்லையாம்,
சங்கத்திலிருந்தும் சரி, சபையிலிருந்தும் சரி.

"அந்த எட்டுக்கும் பேரு உண்டா அதில?"
இல்லை.
"பின்ன எதுக்கு எண்ணி வச்சினும்?"

பதில் சொல்லலாம்.
எண்ணினால்தான் விற்க முடியும்.
மழை தூறியது, சிரட்டைகளை
ஆளுக்குப் பாதியாக ஓரம் மாற்றி வைத்தோம்.
என் சுடிதாரில் பட்ட பால்
கறுத்து, இன்றுவரை போகவில்லை.

திங்கள் காலை படத்தை ஏற்றினேன்.
ஓரம் அதிகம் என்று திருப்பி அனுப்பியது.
கையை விட்டுவிட்டால்
நாலு நொடியில் ஏறும், ஒன்பது ரூபாய்.
ஓரத்தை விட்டு, மேலே வெற்றுத் தாளில்
அரை இஞ்ச் குறைத்தேன். ஏறியது.

குறிப்பு என்ற கட்டத்தில் நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
ஸ்கேலை வைத்து அளந்து அடித்தேன்:
வலது கை. ஏழு இஞ்ச்.
சுண்டுவிரல் நுனி இல்லை.

பெயர் என்ற கட்டத்தில்
ஹரிஹரய்யர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்.