நோபடி

கிரிம்ஸ்பி மீன் ஆலையில்
விபத்து வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை.
இலக்கணப் பிழை கண்டால் திருத்தலாம்,
அதுவரை எனக்கு அதிகாரம் உண்டு.

செவ்வாய் இரவு. மூன்றாம் பெல்ட்.
எகிடியுஸின் இரண்டு விரல்கள்.
காப்புத் தகட்டைப் போன வாரமே யாரோ கழற்றியிருந்தார்கள்.
சம்படி, ஒருமை.
அந்த ஒருவரின் பெயரை
எந்தப் படிவமும் கேட்கவில்லை.

பதினாறு பேர், சொல்லிவைத்தாற்போல்:
நோபடி சா. நோபடி சா.
ஒரு தாளில் மட்டும் நோபடி சீன்.
திருத்தினேன்.

கடைசித் தாள் யோலிடாவுடையது,
ஓரமெல்லாம் மீன் வாடை.
லிதுவேனியாவிலிருந்து வந்து பதினோரு மாதம்.
நோபடி டிடன்ட் சீ, என்று எழுதியிருந்தாள்.

கூப்பிட்டுக் காட்டினேன்.
அவள் மொழியில் அதுதான் சரியாம்.
யாரும் என்று தொடங்கினால்
இல்லை என்று முடித்தாக வேண்டுமாம்.

நோபடியின் வயிற்றிலேயே ஓர் இல்லை இருக்கிறது,
இன்னொன்றைப் போட்டால்
ஒன்றையொன்று தின்றுவிடும் என்றேன்.

தின்றால் மிச்சம்?

பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

வெளியே பனிக்கட்டி லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது,
பீப் பீப் என்று, வெகுநேரம்.
அவள் திரையையே பார்த்தாள்.
அடிக்காதே, என்றாள்.
அப்படியே இருக்கட்டும்.

கிளெக் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார்.
"ஹேவ் எவ்ரிபடி சைன்ட்?"

ஹேஸ், என்றேன் திரும்பாமலே.
அச்சுப்பொறி அவள் தாளை
இழுத்துக்கொண்டிருந்தது.