நாற்பத்தோராம் கண்ணாடி

டூபென்டோர்ஃப். சனிக்கிழமை.
விமானத்தள அருங்காட்சியகத்தின் நிலவறையில்
வெப்பமூட்டி மட்டும் முணுமுணுக்கிறது.
யாரோ இறந்த வீட்டைத் துப்புரவாக்கியபோது கிடைத்த
முட்டைப் பெட்டி.
உள்ளே அறுபது கண்ணாடி நெகட்டிவ்கள்.
நாற்பதுக்குப் பெயர் வைத்தாயிற்று.
நாற்பத்தொன்று மறுக்கிறது.

மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சின்ன இறக்கை, மறதியில் ஒட்டியதுபோல.
பெரிய இறக்கை பின்னால்.
அதற்கும் பின்னால் விசிறி.
"இது வீட்டுக்குத் திரும்பிப் போகிற விமானம்"
என்கிறார் சொலிகோஃபர்,
நாற்பது வருடம் உயரமானி பழுதுபார்த்தவர்,
தன் பகிடிக்குத் தான் சிரிக்காதவர்.

பிரெஞ்சுக்காரனுடையது, சக்கரக் கம்பிகளைப் பாருங்கள்,
என்கிறார் பெரன்ஜாக்கே அம்மையார்.
எண்ணினோம். பதினாறு.
எந்தச் சந்தையிலும் கிடைக்கிற பதினாறு.
உடலில் சி, எச். ஆக சுவிஸ்.
பிறகு ஒன்று. பிறகு ஏழோ இரண்டோ.
மூன்றாவது இலக்கத்தில்
சாய்ந்து நிற்கிற ஒருவனின் முழங்கை.
அந்த முழங்கைமேல் எனக்கு வந்த கோபம்
எந்த முழு மனிதன்மேலும் வந்ததில்லை.

மூன்றாம் வாரம்தான் பசுவைக் கண்டேன்.
வலது ஓரம், இறக்கை நுனிக்கு அப்பால்.
அது முதல் நாளிலிருந்தே நின்றிருக்கிறது.
நாங்கள்தான் விமானம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நெகட்டிவில் நிறம் புரளும்;
கறுப்பும் வெள்ளையுமான மாடு
புரண்டாலும் கறுப்பும் வெள்ளையும்தான்.
"இந்தப் பக்கத்து மாடு கபிலம்," என்றார் சொலிகோஃபர்.
"இது ஃப்ரிபூர் மாடு."
அம்மையார் ஃப்ரிபூர்க்காரி.
உருப்பெருக்கியைக் குனிந்து வாங்கி,
கலியாண வீட்டில் தூரத்து உறவைப் பார்ப்பதுபோல
வெகுநேரம் பார்த்தார்.

மாட்டைப் பிடித்தோம், ஊர் வந்தது.
ஊரைப் பிடித்தோம், ஒரு பத்திரிகை மூலை வந்தது:
கசிமிர் ஓவர்னே, பால் கூட்டுறவுக் கணக்கர்,
தானே செய்த வாத்து விமானம்.
புல்மேல் எண்பது மீட்டர்.
புல்லுக்கு மேல் பதினொன்று.
அவ்வளவுதான். அடுத்த வரி பாலின் விலை.

"எப்படிச் சத்தம் போட்டிருக்கும்?"
சொலிகோஃபர் சுவரிடம்தான் கேட்டார்.
எனக்குத் தெரியும் என்றேன்.
இறக்கை கிழித்த காற்றையே
பின்னாலிருந்து விசிறி இன்னொரு தரம் கிழிக்கும்.
சீரான சத்தம் வராது, ஒரு கரகரப்பு.
தகரத்தில் மாட்டிய வண்டு.

எங்கே கேட்டீர்கள்?

வன்னியில். அங்கே அதற்குப் பெயரே வண்டுதான்.
ஆள் இல்லாதது, விசிறி பின்னால் உள்ளது.
குண்டு போடாது, படம் எடுக்கும்.
நாங்கள் பதுங்குகுழிக்குள் இறங்குவதை,
ஏறுவதை, தண்ணீருக்கு நிற்பதை.
அந்தப் படங்களும் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும்.
ஒரு சனிக்கிழமை யாராவது அவற்றை
வெளிச்சத்தில் பிடிக்கக்கூடும்.
அந்த உயரத்திலிருந்து பார்த்தால்
எனக்கு முழங்கைகூட இருந்திருக்காது.

வெப்பமூட்டி ஒருதரம் இருமியது.
அம்மையார் அட்டையை எடுத்தார்.
செய்தவர்: ஓவர்னே.
எண்: ஒரு இலக்கம் குறைவு.
பசு: உண்டு.
சத்தத்துக்கு அதில் கட்டம் இல்லை.
அளவுகோல் வைத்துப் புதிதாக ஒன்று கீறி
கரகரப்பு என்று பிரெஞ்சில் எழுதினார்.
ஆதாரம் என்ற இடத்தில்
என் பெயரின் எழுத்துகளை
ஒவ்வொன்றாகக் கேட்டார்.
என் பெயர் நீளம். கட்டத்துக்கு வெளியே போனது.

பிறகு நாற்பத்திரண்டைத் தூக்கிப் பிடித்தார்.
ஆள் இல்லை, விமானம் இல்லை, பசுவும் இல்லை.
வெறும் புல்.
புல்லில் இரண்டு கோடுகள்.
கொஞ்ச தூரம் அவை இல்லை.
பிறகு மறுபடி கோடுகள்.