நீளத்துக்குத் தனி வாடகை

எண்ணூறு பிராங்க் என்றேன்.
அறுநூறு என்றாள்.
அப்புறம்தான் சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன்.
பழைய திரைச்சீலை சுற்றி
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி
கூரையையும் தாண்டி நின்றது.

என்ன இது, விளக்குக் கம்பமா?
தாண்டுகிற கழி.
எதைத் தாண்ட?
குறுக்குக் கம்பியை.
குனிந்து போனால் ஆகாதா?
அவள் சிரிக்கவில்லை.
நாலு மீட்டர் இருபது, பத்து மணிக்குப் போட்டி.
அப்படியானால் நீளத்துக்குத் தனி வாடகை, ஆயிரத்து இருநூறு.
ஆயிரம்.
ஏறு.

இந்தக் கோட்டோனூவில்
நான் ஏற்றாதது எது?
நாலு ஆடு. ஒரு கட்டில்.
நிலைக்கண்ணாடி ஒன்று, வழியெல்லாம்
எதிரே வந்தவர்கள் தலைசீவிக்கொண்டார்கள்.
ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் கேக்கும், ஒரே நடையில்.
மஞ்சள் சட்டை முதுகில் 4417 என்று
நகராட்சி எழுதிக்கொடுத்து வருஷம் பதினொன்று.
ஆனால் அதெல்லாம் கனம்.
இதில் கனமே இல்லை, வெறும் நீளம்.
கனத்தை வண்டி தாங்கும்.
நீளத்தை ஊர்தான் தாங்கவேண்டும்.

முன்முனை என் இடது தோளில்,
நடுப்பாகம் அவள் கக்கத்தில்,
வாலில் ஒரு சிவப்புத் துணி.
இடப்பக்கம் திரும்பினால் தாடையில் இடிக்கிறது.
அந்தப் பக்கம் இனி உன் கண், என்றேன்.
பெயரைக் கேட்டதற்கு
ஃபிஃபாமே, லாரி, நாய், இன்னொரு லாரி என்றாள்
ஒரே மூச்சில்.

பாலத்தில் காற்று.
வடக்கிலிருந்து வரும் புழுதிக் காற்று;
காயல் இருந்த இடத்தில் மாவு.
கழி மெல்ல முனகியது,
வண்டி தன்பாட்டுக்கு ஓரம் நகர்ந்தது.
பின்னால் வந்தவர்கள் எல்லோரும்
பத்தடி விலகியே வந்தார்கள்.
இத்தனை வருஷத்தில்
எனக்கு யாரும் இவ்வளவு மரியாதை தந்ததில்லை.

சந்தைக்குப் பின்னால் அந்த முடுக்கு.
வலப்பக்கம் ஒடித்தால்
வால் இடப்பக்கம் வீசும்.
இடப்பக்கம் அஃபியாவியின் பெட்ரோல் மேசை:
கண்ணாடிக் குடுவைகள், தேன் நிறம்,
கழுத்து வரை.
நிறுத்து என்று ஃபிஃபாமே கத்தியபோது
துணிக்கும் குடுவைக்கும் நடுவே
ஒரு சாண்.

குதிப்பதற்கு வளையுமாம்.
முடுக்கில் வளையாது.

அஃபியாவி ஒன்றும் கேட்கவில்லை.
குழந்தையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து
வாலைத் தூக்கிப் பிடித்தாள்.
நான் ஒரு முழம் உருட்ட
அவள் ஒரு எட்டு வைக்க
பல்லக்குப் போல மூலையைக் கடந்தோம்.
குழந்தை சிவப்புத் துணியை வாயில் வைத்துக்கொண்டது.
எங்கே போகிறாள் இவள்?
மேலே, என்றேன்.

ஸ்டேடியம் வாசலில் காசு வாங்கிக்கொண்டு
கிளம்பியிருக்கலாம்.
இரண்டு சவாரி கூப்பிட்டார்கள்.
கம்பிவேலியில் மூக்கை வைத்து நின்றேன்.

திரைச்சீலையை உரித்தபோது
கழியின் நிறம் வெளிர்மஞ்சள், என் சட்டையில் பாதி.
ஓடினாள்.
குழியில் ஊன்றினாள்.
ஒரு கீறல் படாமல்
காலையெல்லாம் நான் தோளில் வைத்துக் காத்தது
ஒடிந்துவிடும்போல் வளைந்தது.
ஐயோ என்றேன், சத்தமாக.
அதற்குள் அவள் அங்கே இல்லை.
வண்டி, சந்தை, குடுவை எதுவும் இல்லாத உயரத்தில்
காலை மடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள்.
அவ்வளவு சின்ன இடத்தில்
எவ்வளவு சுலபமான திருப்பம்.

முழங்கை உரசியது.
கம்பி கொஞ்சம் யோசித்தது.
விழுந்தது.
மூன்று தடவையும் விழுந்தது.

மூன்று மணிக்கு வெளியே வந்தாள்,
கழியில் மறுபடி திரைச்சீலை.
திரும்பிப் போக எவ்வளவு?
நீளம் குறைந்திருக்கிறதா?
இல்லை.
எண்ணூறு கொடு.
இப்போது சிரித்தாள், கொஞ்சம்.

முடுக்கு வந்தது.
நான் ஹாரன் அடிக்குமுன்
அஃபியாவி எழுந்துவிட்டாள்.
தாண்டினாளா? என்றாள்.
என் முதுகுக்குப் பின்னால் மூச்சு நின்றது.

முதலில் வாலைப் பிடி, என்றேன்.