வாட்டம்

பொதட்டூர்பேட்டைப் பள்ளியின் மூட்டையில்
ஒன்பது கிளவுஸ். ஒன்பதும் இடது கைக்கு.
அதாவது, வலது கையால் எறிகிறவர்களுக்கு.
நான் ஒன்றைத் திருப்பி மாட்டிக்கொண்டேன்.
கட்டைவிரல் வீட்டில்
சுண்டுவிரல் வாடகைக்கு இருந்தது.

ஷார்ட் ஸ்டாப் கேட்டேன்.
பந்து அங்கேதான் ஓயாமல் வரும்.
யோகேஸ்வரி குச்சியால் மண்ணில் சதுரம் போட்டாள்.
"பொறுக்கினதும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியணும்.
எங்க தோளு தானாவே அந்தப் பக்கம் நிக்குது.
நீ மொத்த உடம்பையும் திருப்பணும்.
நீ திரும்பறதுக்குள்ள ஓடி வந்தவ
சாக்கு மேல நின்னு ஜடையே பின்னிக்குவா."

அதே கணக்கில்
தேர்ட் பேஸ் போயிற்று, செகண்ட் பேஸ் போயிற்று.
கேட்சர் இடத்தில் குந்தக்கூட விடவில்லை.

சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எல்லோரும் ஓடுவது
கோயிலில் யாரும் சுற்றாத திசை.
ஆட்டமே அப்பிரதட்சணம்,
இதில் நான்தான் தலைகீழாம்.

கடைசியில் மண்மேடு கொடுத்தார்கள், பந்து வீச.
அங்கே போய் நின்றதும் ஒன்று தெரிந்தது.
மற்றவர்கள் ஃபர்ஸ்ட் பேஸுக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள்.
நான் நின்றால் அது நேர் எதிரே,
பக்கத்து வீட்டுக் கதவு போல.

நகரிப் பெண்கள் வேனில் வந்தார்கள்.
அவர்கள் ஃபர்ஸ்ட் பேஸ் முனிலட்சுமி.
வலது கையில் கிளவுஸ், அவளுடைய சொந்தம்.
முதல் முறை இடம் மாறும்போது
என் சுண்டுவிரலைப் பார்த்து நின்றாள்.
"எடமசேதி வாட்டமா?"

எங்களுக்கு வாட்டம் என்றால்
தண்ணீர் ஓடத் தரையில் வைக்கும் சாய்வு.
சோர்ந்த முகத்துக்கும் அதுதான்.
கைக்கு வாட்டமா இருக்கா என்றும் கேட்போம்.
எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை.
எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.
கிளவுஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
பேட் எடுக்கப் போய்விட்டாள்.

அப்படித்தான் நடந்தது அன்றைக்கு.
அவர்கள் ஆடும்போது என் கையில்,
நாங்கள் ஆடும்போது அவள் கையில்.
ஒவ்வொரு முறையும் உள்ளே சூடு.

நாலாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட்.
இடது பக்கம் நின்று அடித்தாள்;
அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் ஓரடி கிட்டே.
போய்ச் சேர்ந்தாள்.
அடுத்த பந்துக்கு முன்
சாக்கைவிட்டு ஒரு எட்டு, இன்னொரு எட்டு.
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே
மூன்றாவதும் வைத்தாள்.

எறிந்தேன்.
யோகேஸ்வரி குனிந்து தொட்டபோது
முனிலட்சுமியின் விரல்நுனிக்கும் யூரியா சாக்குக்கும் நடுவே
ஒரு சாண் புழுதி.

மூன்றாவது அவுட். இடம் மாற வேண்டும்.
தட்டிக்கொண்டு எழுந்து
நேராக என்னிடம் வந்தாள். முகம் கொஞ்சம் வாட்டம்தான்.

பால்கடையில் இந்தக் கையால் காசு நீட்டினால்
வாங்க மாட்டார், மேசையைத் தட்டுவார்,
அங்கே வை என்று.

வலது கையிலிருந்து கழற்றி
இடது கையால் நீட்டினேன்.
இடது கையால் வாங்கி மாட்டிக்கொண்டு
ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்தாள்.
முதல் பேட்டிங் நான்தான்.